வெள்ளை பிடிக்காத காய்கள்

கொட்டச்சேட்டில் எங்கள் காபித் தோட்டம் ஒரு ஏக்கருக்கும் குறைவு. அப்பாதான் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். நான் தாவர நோயியல் படித்துவிட்டுச் சேலத்தில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து காய்களை எண்ணுவேன்: வரிசைக்கு ஒரு செடி, செடிக்கு ஐம்பது காய். துளை விழுந்தவை எத்தனை, துளையில் வண்டு உயிரோடு இருப்பவை எத்தனை, வெள்ளை பிடித்தவை எத்தனை. கல்லூரியில் சேர்ந்த வருடத்திலிருந்து நோட்டில் இதே மூன்று கட்டங்கள்.

வெள்ளை என்பது ஒரு பூஞ்சை. காயைத் துளைத்து உள்ளே முட்டையிடும் கடுகளவு வண்டின்மேல் படர்ந்து அதைக் கொல்லும். செத்த வண்டு துளைவாயில் பஞ்சுத் துணுக்கு போல ஒட்டியிருக்கும். யாரும் தெளித்ததில்லை. ஆடி, ஆவணியில் மூடுபனி இறங்கி நாள்கணக்கில் இலை காயாமல் கிடந்தால் தானாக வரும்.

அறுவடை முடிந்ததும் உதிர்ந்த பழங்களை ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும் என்பது நான் படித்த பாடம். வண்டுகள் அவற்றுக்குள்தான் கோடையைக் கழிக்கும். அப்பா படிக்காமலே அதை வருடாவருடம் செய்துவந்தார். ஒரு வருடம் மாசியில் அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. நோட்டைப் புரட்டினேன். எல்லா வருடமும் பாதிக்கு மேற்பட்ட வண்டுகளை வெள்ளையே முடித்திருந்தது. இந்த முறை பொறுக்க வேண்டாம், மழையில் வெள்ளை பார்த்துக்கொள்ளும் என்றேன்.

அம்மா சிரித்தாள். "படிச்ச புள்ள சொன்னா பூச்சியும் கேட்டுக்குமாட்ட இருக்குதுங்க."

அப்பா மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருடம் மழை குறைவு என்று சொல்ல முடியாது. இரண்டே நாளில் ஒரு மாத மழை கொட்டியது. பிறகு மூன்று வாரம் வெயில். ஆடியில் துவைத்த துணி ஒரே பகலில் காய்ந்தது. சருகைக் கிளறினால் எப்போதும் தெரியும் வெண்ணிழைகளைக் காணோம். அவையும் பூஞ்சைதான், இலையை மண்ணாக்குபவை. அந்த வருடம் இலைகள் மக்காமல் அப்பளம் போல நொறுங்கின.

ஆவணியில் எண்ணினேன். முதல் செடியில் ஐம்பதுக்கு முப்பத்தெட்டு துளை. முப்பத்தெட்டிலும் வண்டு உயிரோடு இருந்தது. மூன்றாவது கட்டத்தில் பூஜ்ஜியம் எழுதினேன். அடுத்த செடியிலும் அப்படியே. அப்பா பின்னால் வந்து நின்றார்.

"வெள்ளையைக் காணமா கண்ணு?"

"இல்லீங்கப்பா. உங்கள நான் பொறுக்க உட்டிருக்கோணும்."

அவர் ஒரு காயை நகத்தால் பிளந்து பார்த்தார். "வருசா வருசம் வந்ததுதான. நீ என்ன பண்ணுவே."

என் நோட்டில் கட்டங்களுக்கு மேலே மழையின் அளவு இருந்தது. பனி எத்தனை நாள் நின்றது என்று நான் எழுதியதே இல்லை. அது வராமலே போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கடையில் விற்கும் பூஞ்சைப் பொடியை வாங்கிவந்து கரைத்துத் தெளித்தேன். வறண்ட காற்றில் அதுவும் பிடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களுக்குப் பரவிவிடக் கூடாதே என்று கடைசியில் எல்லாக் காய்களையும் பச்சையாகவே உருவினோம். பெரிய அண்டாவில் கொதிநீரில் போட்டெடுத்துக் குழியில் கொட்டினோம். அந்த வருடக் காபி அவ்வளவுதான்.

உருவும்போது சிதறியவை தரையில் கிடந்தன. நான் பொறுக்குகிறேன், நீங்கள் உட்காருங்கள் என்றேன். அப்பா கேட்கவில்லை.

"இனிமே இத நாமதான் பாக்கோணும் சாமி" என்று சொல்லிவிட்டு, செடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார்.

முதல் செடியடியில் எல்லாவற்றையும் பொறுக்கி முடித்ததும் என் தோளைப் பற்றி எழுந்தார். வரிசைக்கு நாற்பது செடி. மொத்தம் இருபத்திரண்டு வரிசை.