ஜட்ஜ் அம்மாவிடம் நான் சொன்னது

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நான் யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட்டில் வழக்கு நடந்தது. அப்பா கீழ்பென்னாத்தூரில் இருந்தார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதன் பின்பக்கத்து அறையில்தான் குடியிருந்தோம். பெண்ணைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அப்பா மனுப் போட்டார். அடித்ததாக அம்மா சொல்வதெல்லாம் பொய் என்பது அவர் தரப்பு.

ஜட்ஜ் அம்மா என்னைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்றார். அன்று மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், எங்களோடு வந்தார். அம்மா எதுவும் சொல்லித் தரவில்லை. "பார்த்ததைச் சொல்லு, போதும்" என்றாள். வராந்தாவில் அப்பா நின்றிருந்தார். இளைத்துப்போயிருந்தார். என் தலையைத் தடவி, "அடிச்சேன்னு சொன்னா அப்பாவ ஜெயில்ல போட்டுடுவாங்க கண்ணு" என்றார். எனக்கு அப்பாவைப் பிடிக்கும். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

உள்ளே ஜட்ஜ் அம்மா தன் நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்பா அம்மாவ அடிப்பாரா?"

"இல்லைங்க."

"உன்னை?"

"இல்லைங்க." இது மட்டும் உண்மை.

அவர் வற்புறுத்தவில்லை. பள்ளிக்கூடம், சிநேகிதி, பிடித்த பாடம் என்று எதையெதையோ கேட்டார். பிறகு, "சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தா நீ என்ன பண்ணுவே?" என்றார்.

அதில் மறைக்க என்ன இருக்கிறது?

"வண்டிச் சத்தம் கேட்டதும் கத்தி, அருவாமனை எல்லாத்தையும் அரிசி டிரம்முல போட்டு மூடிடுவேங்க."

"யாரு அப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

அவர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. நான் அம்மாவிடம்தான் இருக்க வேண்டும். அப்பா மாதம் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டிலேயே, குடும்பநல ஆலோசகர் முன்னால் ஒரு மணி நேரம் என்னைப் பார்க்கலாம். வீட்டில் அடி உதை நடந்ததை ஜட்ஜ் அம்மா நம்பிவிட்டார் என்று அம்மாவின் வக்கீல் சொன்னார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வாயே திறக்கவில்லையே. அம்மா சொன்னதை அதுவரை யாரும் நம்பியதில்லை. மாமாதான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்து, இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன்.