இன்ஜின் வாயில் லுங்கித் துணி

நான் மீன் விற்கப் போகும் பைக்கின் இன்ஜினைப் பிரித்து மாட்டினான், லைட்ஹவுஸ் குப்பத்து மெக்கானிக். வண்டி கிளம்பவில்லை. "பொம்பள ஓட்டுற வண்டி, வேற இன்னா பண்ணும்?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். பெட்டியில் இருந்த இறால் அன்றைக்கு நாறிப்போனது.

வீட்டுக்குத் தள்ளிவந்து நானே பார்த்தேன். பிளக்கில் கரண்ட் வந்தது. ஆனால் எவ்வளவு உதைத்தும் பிளக் நனையவில்லை. பெட்ரோல் உள்ளே போகவில்லை. கார்பரேட்டரைக் கழற்றினேன். கடற்காற்றில் மணல் புகாமலிருக்க, பிரித்தபோது இன்ஜின் வாயில் அவன் அடைத்த நீலக்கட்டம் போட்ட லுங்கித் துணி, எடுக்க மறந்து அப்படியே இருந்தது.

அதை உருவிவிட்டுக் கார்பரேட்டரை மாட்டியதும் ஒரே உதையில் கிளம்பியது.

அந்தத் துணி இப்போது என் ஹேண்டில்பாரில் பறக்கிறது. "இன்னாக்கா, கொடியா?" என்பவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்கிறேன். தினமும் அவன் கடை வழியாகத்தான் ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறேன்.

போதும், விட்டுவிடலாம் என்று சில நாள் தோன்றும். அன்றைக்கு ஹார்னை இன்னும் நீளமாக அடிப்பேன்.