வாசல் வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்த வெப்பம்

1997-இல் பினாங்கில், பாயான் பாருவின் கடைவரிசை மாடி ஒன்றில் அமர்ந்து குலசேகரம் சூட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுற்றிலும் மின்னணுத் தொழிற்சாலைகள். ஒரு கம்ப்யூட்டர் சில்லு வேலை செய்யும்போது வெப்பம் எங்கே தேங்கும், எந்தப் பக்கம் ஓடும் என்பதை, உண்மையான சில்லைத் தீய்க்காமலே திரையில் காட்டும் மென்பொருள் அவருடையது. இதற்காக உலகம் அவரைத் தேடி வந்துவிடவில்லை. டாக்டரும் வக்கீலும் தலைமைக் கிளார்க்குமாய் நிறைந்த மனைவி வீட்டாருக்கு அவர் 'கம்ப்யூட்டரில் ஏதோ'. அந்தக் குடும்பத்தில் 'ஏதோ' ஒரு பதவி அல்ல.

கம்பெனி இணையதளம் திறக்கப் போகிறது என்றதும் குலசேகரம் நிமிர்ந்தார். முகப்புப் பக்கத்தில் தம் மென்பொருள் சிவப்புச் சிவப்பாய் வரைந்த வெப்பப் படமே பெரிதாக நிற்க வேண்டும் என்றார். முதலாளி ஜெயராஜ் அவரைவிட இளையவர்.

“யாருண்ணே இந்தத் தக்காளிச் சட்னியப் பாப்பாங்க? பினாங்கு பாலம் போடுவோம்லா. சூரியன் அப்படியே கடல்ல எறங்கணும்.”

“பாஸ், நாம பாலம் விக்கலையே.”

“அழகுதாண்ணே விக்குது. சரி, திங்கக்கிழமை ஒங்க படத்தப் போட்டுக் காட்டுங்க. பாத்தா கண்ணு நிக்கணும். நிக்கலன்னா பாலம்தான்.”

ஆக, தம் உழைப்பு முகப்பில் படமாக நிற்குமா, பாலத்துக்கு அடியில் ஒரு வரியாகக் கிடக்குமா என்பது திங்கட்கிழமையின் கையில். மென்பொருளோ எந்த நிறம் கேட்டாலும் தரும். எதைக் கேட்பது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் நிறம் சம்பந்தப்பட்ட தீர்ப்புகளை மனைவி வள்ளிநாயகி ஒருத்தியே வழங்குவாள்.

சனிக்கிழமை அவள் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் போனாள். குலசேகரம் பை தூக்கினார். கடைக்காரர் மலையாகக் குவித்த புடவைகளில் எதையும் அவள் உள்ளே வைத்து நம்பவில்லை. ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்தாள்.

“கடை லைட்டை நம்பாதேங்கோ. உள்ளுக்க மயிலா இருக்கும், வெளியில காகமா வரும்.”

குலசேகரத்துக்குச் சட்டென ஓர் ஆய்வுமுறை கிடைத்தது. மறுநாளே அலுவலகம் போய், தம் வெப்பத்தை விதவிதமான நிறங்களில் அச்செடுத்தார். தாள்கட்டோடு படியிறங்கி, நடைபாதையில் ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்தார். ஒன்றைத் தோளில் போட்டும் பார்த்தார். அடர்ந்த கத்தரிப்பூ நிறம், மயில்நீல ஓரம்: வெயிலில் அது ஜொலித்தது. முடிவு செய்துவிட்டார்.

காகிதத்துக்கு வெயில் வேண்டும், திரையோ தானே விளக்கு என்பதை எந்தப் புடவைக்கடையும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. திங்கட்கிழமை படம் திரையில் இருட்டாக வந்து நின்றது.

“கரண்டு போச்சா?” என்றார் ஜெயராஜ்.

“இல்ல பாஸ், அதான் படம்,” என்றாள் டைப்பிஸ்ட் ருக்குமணி.

“பாலத்த எடு, ருக்கு.”

அலுவலகத்தில் இதுவரை குரல் உயர்த்தாத குலசேகரம், அச்செடுத்த தாளை உருவினார்.

“பாஸ், வாசலுக்கு வாங்க!”

அதிர்ச்சியிலேயே ஜெயராஜ் படியிறங்கினார். தாளை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். தம்மை அறியாமல் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். அந்நிலையில் தமிழன் வாயிலிருந்து வரக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்.

“வேற கலர் இருக்கா?”

குலசேகரம் ஓடிப்போய்த் தாள்கட்டு முழுவதையும் கொண்டுவந்தார். ருக்குமணியும் இறங்கி வந்துவிட்டாள்.

“அந்தப் பச்சைய எடுங்கண்ணே. அது இல்ல, அதுக்குக் கீழ.”

“பார்டர் மஞ்சளா வருமா?” என்றார் ஜெயராஜ்.

“வரும் பாஸ்.”

இம்முறை திரையிலும் போட்டுப் பார்த்தார்கள். கண் நின்றது. பாலத்தை யாரும் கேட்கவில்லை.

கிளிப்பச்சை, மஞ்சள் பார்டர். சில்லின் கொதிக்கும் நடுப்பகுதி வாழைக்குருத்துபோல் குளுகுளுவென்றிருந்தது. குளிர்ந்த ஓரம் தகதகவென எரிந்தது. குலசேகரத்தின் விஞ்ஞான மனம் உறுத்தியது.

“சூடுன்னா செவப்பா இருக்கணுமே, பாஸ்,” என்றார் மெல்ல.

“செவப்பு இப்ப யாருண்ணே கட்டுறா?” என்றாள் ருக்குமணி.

குலசேகரம் படத்தை முகப்பில் ஏற்றினார்.