மரத்தடியில் எடுத்த படம்

கெலுகோரிலிருந்து அவர் மூன்று முறை எங்கள் நகர மன்றக் கவுண்டருக்கு வந்தார். தொழிற்சாலைச் சீருடை, நரைத்த மீசை. ஃபைலை வைக்கும் முன் கைக்குட்டையால் மேசையைத் துடைப்பார்.

வீட்டுக்கு முன்னால் சாய்ந்து நின்ற அங்சானா மரத்தை வெட்ட மன்றத்தின் பெர்மிட் கேட்டார். மனுவோடு வைத்த படத்தில் மரத்தின் உயரம் புரியவில்லை என்று திருப்பி அனுப்பியது நான்தான். "பக்கத்துல யாரையாவது நிக்க வச்சு எடுங்கண்ணே."

மறுநாளே வந்தார். புதுப் படத்தில் மரத்தடியில் அவர் மனைவி மஞ்சள் சேலையில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப ஓகேலா, தங்கச்சி?"

ஓகே என்றேன். ஆள் வந்து பார்க்க ஆறு வாரம் ஆகும் என்று சொல்லி முத்திரை குத்தினேன்.

ஐந்தாவது வாரம் மழையில் மரம் விழுந்தது. மூன்றாம் முறை வந்தபோதும் மேசையைத் துடைத்தார்.

"பெர்மிட் இனி வேணாம் தங்கச்சி. அந்தப் படத்த மட்டும் குடுங்க. மரம் அவ மேலதான் விழுந்துச்சு. படம் எடுத்த போனும் அவ கையிலதான் இருந்துச்சு, நொறுங்கிப்போச்சு. இப்படிச் சிரிச்ச படம் வீட்டுல வேற இல்ல."

ஃபைலில் சேர்ந்ததை வெளியே கொடுக்கக்கூடாது என்பது விதி. அதைச் சொல்ல என் வாய் கூசவில்லை. நகல் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மெஷினில் கறுப்பு வெள்ளைதான் வரும். அவர் அதை மடிக்காமல் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் தங்கச்சி" என்றார்.

ஏன் என்னைத் திட்டவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அசல் படத்தையே கொடுத்திருந்தால் மன்றம் ஒன்றும் இடிந்திருக்காது. அந்த மஞ்சள் சேலை இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.