மூடி இல்லாத லென்ஸ்

நான் லாரி ஓட்டுகிறவன். போகிற ஊர்களைப் படம் பிடிக்க ஒரு பழைய கேமராவும், ஜூம் இல்லாத லென்ஸ் இரண்டும் வாங்கினேன். மூடி இல்லை என்பதால் மலிவாகக் கிடைத்தன.

எம். புதுப்பட்டி பட்டாசு ஆலைக்கு லோடு ஏற்றப் போன மதியம், வெடிமருந்து தோய்த்த திரியை அங்கே வேலை பார்க்கும் என் மதினி களத்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். படம் எடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐம்பது எம்.எம். லென்ஸில் களம் முழுதும் அடங்கவில்லை. அதைக் கழற்றி இடது கையில் பிடித்தபடி, அகல லென்ஸைப் பையில் தேடினேன்.

"கொழுந்தனாரே, கையில இருக்க கண்ணாடியப் பொத்துங்க."

மதினி சத்தம் போடவில்லை. திரிக்கு மேலே உள்ளங்கையை நீட்டியிருந்தார். லென்ஸ் வழியாக இறங்கிய வெயில் அந்தக் கையில் புள்ளியாகச் சுட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று பொத்தினேன். சுற்றிலும் பெண்கள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். லென்ஸைப் பைக்குள் போட்டு மூடினேன்.

"படம் எடுக்க வந்தீகளா, எங்க பொணத்த எடுக்க வந்தீகளா?" என்றார்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு மலிவு லென்ஸே போதும். ஆனால் மூடியோடு வாங்குங்கள். நான் இப்போது லாரிக்குள் உட்கார்ந்துதான் லென்ஸ் மாற்றுகிறேன். வெடிமருந்து இருக்கும் பக்கம் கேமராவே கொண்டுபோவதில்லை.

மதினி கையில் மிளகளவு தழும்பு இருக்கிறது. வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் முதலில் கேட்பார்: "மூடி போட்டிருக்கீகளா?"