உருமியை வெட்டிய பெட்டி

ஒலிக்கு நிரல் எழுதுகிறவன் பிழைப்பு என்னவென்றால், வேலை ஒழுங்காக நடந்தால் யார் காதிலும் விழாது, பிசகினால் ஊர் முழுக்கக் கேட்கும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் சக அவதிக்காரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைமாடியில் எங்கள் ஆபீஸ். மைக் 'கீ'யென்று கத்தாமல் தடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று செய்கிறோம். அதற்குள் ஓடும் நிரலை ஃபங்ஷனல் மொழியில்தான் எழுதுவேன் என்று என்னோடு வேலை செய்யும் கிரேஸ் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினார். பாஸுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. முதல் பெட்டி, சாஆ என்ற ஊரில் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடும் முனியாண்டி அண்ணனுக்கு. அது திரும்பி வந்தால் கிரேஸ் எழுதியது அத்தனையும் குப்பைக்கு, பழைய முறைக்கே போய்விடலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒன்பது கை

நான் பழைய முறைக்காரன். கிரேஸ்தான் எனக்கு இந்தப் புது மொழியைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு எண்ணை ஒரு பெயரில் போட்டு வைப்பேன், தோன்றும்போதெல்லாம் மாற்றுவேன். இந்த மொழியில் அது நடக்காது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான். எல்லாமே சின்னச் சின்ன ஃபங்ஷன்: ஒரு பக்கம் ஒலி உள்ளே போகும், மறு பக்கம் வேறு ஒலியாக வெளியே வரும். முதல் வாரம் நான் கீபோர்டைத் தூக்கி எறியாததே பெரிய விஷயம்.

அந்தக் கோபத்தில், என் பழைய நிரலே மேல் என்று கிரேஸிடம் திறந்து காட்டினேன். அதில் சத்தம் தானாகக் கூடிக்கொண்டே போனது. தேடிப் பார்த்தால், சத்தத்தின் அளவை ஒன்பது இடத்தில் மாற்றியிருக்கிறேன். எந்த இடம் குற்றவாளி என்று எனக்கே தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது.

"ஒன்பது பேரு கை வச்ச சாம்பார்ல உப்பு யாரு போட்டாங்கன்னு நான் எப்படிண்ணே சொல்றது?"

வெள்ளைப் பலகை

பெட்டியை வாங்கிக்கொள்ள முனியாண்டி அண்ணன் லாரியிலேயே வந்துவிட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று அரைமணி நேரம் விளக்கத் தயாராக இருந்தேன். வெள்ளைப் பலகையில் நாலு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்ததும் போதும் என்று கை காட்டினார். எனக்கு மூன்று வாரம் ஆன விஷயம் மனுஷனுக்கு இரண்டு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

"மைக்கு, மிக்ஸரு, ஆம்ப்ளி, ஸ்பீக்கரு. ஒண்ணுல வர்றது அடுத்ததுல போகும். நடுவுல ஒண்ணு மாட்டுனா மத்தத தொட வேணாம். நீங்களும் வயர்தான் இழுக்கிறீங்கன்னு சொல்லுங்க தம்பி."

கொடியேற்றத்தன்று

சாஆ பக்கத்து எஸ்டேட் கோயிலில் கொடியேற்றம். காலையிலேயே நானும் கிரேஸும் போய்ப் பெட்டியை மாட்டினோம். மைக் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கிரேஸ் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு உருமி மேளம் ஆரம்பித்தது. வளைந்த குச்சியால் தேய்த்ததும் உருமி நீளமாக உறும வேண்டும். 'ம்ம்' என்று தொடங்கியதுமே ஸ்பீக்கரில் சத்தம் செத்தது. உருமிக்காரர் மறுபடி தேய்த்தார், மறுபடி செத்தது. உறுமலை மைக்கின் கத்தல் என்று நினைத்து எங்கள் பெட்டி வெட்டிக்கொண்டிருந்தது. ஐயோ, அலமாக், இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆபீஸில் பாட்டு, பேச்சு, கிதார் எல்லாம் வைத்துச் சோதித்தோம். கோயிலுக்குக் கோயில் உருமி அடிக்கும் ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு உருமியை மறந்துவிட்டோம்.

அருள் வந்து ஆடத் தொடங்கியிருந்த ஒரு பெரியவர் சட்டென்று நின்று, கண்ணைத் திறந்து, ஸ்பீக்கரைப் பார்த்தார். முனியாண்டி அண்ணன் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பாதி வழி வந்த சாமிய உங்க பெட்டி திருப்பி அனுப்பிருச்சு தம்பி."

லாரிக்குப் பின்னால்

பூசை முடிந்ததும் கிரேஸ் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். திறந்தாரே தவிர எதையும் தட்டவில்லை. ஆறு மாத உழைப்பு பாஸ் மேசைக்குத் திரும்பப் போகிறது என்ற பயம் முகத்தில் தெரிந்தது. திட்டுவதற்குத்தான் வருகிறார் என்று நாங்கள் நினைத்த முனியாண்டி அண்ணன், மூன்று பையில் தே ஓ ஐஸ், அதாவது பால் விடாத ஐஸ் டீ, வாங்கிக்கொண்டு வந்தார். "மைக்கு கத்துறது ஒரே இடத்துல நிக்கும்மா. உருமி நிக்காது, ஏறி எறங்கி வழுக்கிட்டே போகும். அத கேக்கச் சொல்லு உன் பெட்டிய," என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 'சுருதி நகர்கிறதா?' என்று கேட்டு, நகர்ந்தால் வெட்டாமல் விடும் ஒரு ஃபங்ஷன், கத்தலைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனுக்கும் அதை வெட்டும் ஃபங்ஷனுக்கும் நடுவில். அவ்வளவுதான். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி கிரேஸ் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நாலு வரி. மற்ற எதையும் தொடவில்லை. என் பழைய முறையில் என்றால் வீட்டையே இடித்திருக்க வேண்டும். அந்த மொழியின் மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான், சொல்லிக்கொடுத்த பெண்ணின் மேலும்.

பால்குடத்தன்று அதே பெட்டி, அதே உருமி. உறுமல் ஏறி, இறங்கி, கோயிலைச் சுற்றி வந்தது. மைக் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெரியவர் இந்தத் தடவை நடுவில் நிற்கவே இல்லை. கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாம்பிராணிப் புகை என்றார். முனியாண்டி அண்ணன் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாமி வந்துருச்சு. பெட்டி திரும்பி வராதுன்னு உங்க பாஸ்கிட்ட சொல்லிரு லா."

இத்தனை வருஷத்தில் நான் எழுதியதிலேயே உருப்படியான நிரல் நாலே வரி, அதிலும் விஷயம் சவுண்டுக்காரருடையது, மொழி கிரேஸுடையது, தட்டிய விரல் மட்டும் என்னுடையது.