டிவியில் வந்த பால்வாடி டீச்சர்

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், கும்பகோணத்து லோக்கல் கேபிள் சேனல் ஒன்றில் புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்தார்கள். பெயர் ‘மாட்டிக்கிட்டீங்களா?’ ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அரை மணி நேரம். வீட்டில் யாரையாவது ஏமாற்றி, அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் ஒளிபரப்புவார்கள். ஒரு பிரஷர் குக்கரும் உண்டு. வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் ஆளுக்கொரு வீடியோ கேமராவோடு இறங்கிக்கொண்டிருந்த காலம். கேசட்டுகள் குவிந்தன.

திருப்பனந்தாளில் அந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவள் சகாயம்மாள். வயது நாற்பத்தேழு. பால்வாடியில் இருபது வருஷமாக டீச்சர். அவளுடைய வீட்டு டிவி பெரியது. மகன் டேவிட்சன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. நாலு மணிக்குச் சரியாகப் பக்கத்து வீட்டு ரெங்கம்மாளும், எதிர் வரிசை ஆமினாவும் வந்துவிடுவார்கள். ரெங்கம்மாள் அதே பால்வாடியில் ஆயா. ஆமினாவின் கணவர் சவுதியில் இருந்தார். மூன்று பேரும் கீழே பாய் போட்டு, வேர்க்கடலையை உரித்துக்கொண்டே பார்ப்பார்கள். மாமியாரின் செருப்புக்குள் புளியைக் கரைத்து ஊற்றிய மருமகளைப் பார்த்து ஆமினா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சகாயம்மாள் அதைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

அவளுக்கு இந்த வேடிக்கைகள் புதிதல்ல. கணவர் சிங்கராயர், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவர், ஊருக்கே தெரிந்த குறும்புக்காரர். ஒருமுறை கோழி முட்டையிட்டுக் கேறுகிற சத்தத்தை டேப் ரெக்கார்டரில் பிடித்து வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடவிட்டார். முட்டையைத் தேடி இரண்டு நாள் வைக்கோலைப் பிரித்துப் போட்டாள் சகாயம்மாள். இன்னொரு முறை கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். அவள் காலை ஏழு மணிக்கே பால்வாடியைத் திறந்து வைத்து, பிள்ளைகளை அனுப்பாத தாய்மார்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரிந்த பிறகு கோபம் வரும். அவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் போயிற்று.

மே மாதம் டேவிட்சன் ஒரு மாத லீவில் வந்தான். கையில் கேமரா. சாப்பிடுவதை எடுத்தான், மாட்டை எடுத்தான், கோவிலுக்குப் போவதை எடுத்தான். முதல் வாரமே அம்மாவைக் கும்பகோணத்துக்கு அழைத்துப்போய், ஸ்டூடியோவில் இரண்டு காதும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தான். பாஸ்போர்ட்டுக்கு, விசாவுக்கு என்று சில ஃபாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபடியே சொன்னான்.

“அம்மா, விசா வந்துடுச்சு. நீயும் என்னோட வர்றே. ரெண்டு மாசம்.”

சகாயம்மாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “பொய் சொல்லாதடா.”

அவன் நீல அட்டை பாஸ்போர்ட் ஒன்றைத் தூரத்திலிருந்து காட்டினான். அவள் கையை நீட்டியதும், “தொடாதம்மா, எண்ணெய்க் கை பட்டா செல்லாது” என்றான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அது டேவிட்சனுடைய சொந்தப் பாஸ்போர்ட்.

நாலு நாள் அவள் தரையில் நடக்கவில்லை. பால்வாடிக்கு லீவு எழுதிக்கொடுத்தாள். பருப்புப்பொடி இடித்தாள், வடகம் கட்டினாள். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். புறப்படுவதற்கு முந்தைய சாயங்காலம், சிங்கராயர் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, கொல்லைப்புறத்தில் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேமரா அவன் மடியில் இருந்தது.

“அது ஓடுதா?”

“இல்லம்மா. சார்ஜ் போயிடுச்சு.”

அப்புறம்தான் அவள் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்பா அனுப்பவில்லை. கூட இடம் கிடைத்த சவுரியம்மாள் படித்துவிட்டுக் குவைத்துக்குப் போய்விட்டாள். “இன்னைக்கும் ஏரோப்ளேன் சத்தம் கேட்டா போட்டது போட்டபடி வெளியில ஓடி வந்து பாப்பேன்டா. உங்கப்பாவுக்குத் தெரியாது. இந்த வீட்ல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இது நான் கேட்டு வந்த வாழ்க்கை இல்ல. போனா திரும்பி வராம இருந்துடலாம்னுகூடத் தோணுது. இதை யார்கிட்டயும் சொல்லிடாத.”

“சொல்ல மாட்டேம்மா” என்றான் டேவிட்சன்.

மறுநாள் வாடகைக் கார் வந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பெட்டியோடு ஏறினாள். சிங்கராயர் திருச்சிக்கு முன்னாலேயே போய்விட்டார் என்று மகன் சொன்னான். கார் கும்பகோணம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரு ரைஸ் மில் களத்துக்குள் திரும்பி நின்றது. “இறங்கும்மா, ஏர்போர்ட் வந்துடுச்சு.” களத்தில் நெல் காயவைத்திருந்த ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்று கை தட்டினார்கள். நடுவில் சிங்கராயர், ‘சிங்கப்பூர் விமான நிலையம்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சகாயம்மாளும் சிரித்தாள். பழக்கம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தாள். வடகத்தை டப்பாவில் கொட்டினாள். சாப்பாடு போடும்போது, “இதை அந்த டிவிக்கு மட்டும் அனுப்பிடாதீங்க” என்றாள்.

“சேச்சே. மாதா மேல சத்தியம்” என்றார் சிங்கராயர்.

டேவிட்சன் சிங்கப்பூர் திரும்பினான். ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ரெங்கம்மாள் மூன்றரை மணிக்கே வந்துவிட்டாள், தங்கையையும் அழைத்துக்கொண்டு. ஆமினா நல்ல புடவை கட்டியிருந்தாள். ஜாங்கிரி வாங்கி வந்திருந்தாள். டிவிக்கு நேர் எதிரே இருந்த இடத்தைச் சகாயம்மாளுக்கு விட்டு உட்கார்ந்தார்கள். ஒருநாளும் இந்தத் தொடரைப் பார்க்காத சிங்கராயர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் கை துடைக்கிற சகாயம்மாள் வந்தாள். அறை சிரித்தது. பிறகு வடகம், பட்டுப்புடவை. அதற்கப்புறம் கொல்லைப்புறம். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவளுடைய முகம் பாதிதான் தெரிந்தது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஏரோப்ளேன் என்று அவள் சொன்ன இடத்தில் பொம்மை விமானம் ஒன்றைத் திரையில் பறக்கவிட்டிருந்தார்கள். ‘திரும்பி வராம இருந்துடலாம்’ என்ற இடத்தில் ஒரு பீப்பி சத்தம்.

ரெங்கம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஆமினா வேர்க்கடலைத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தாள். சிங்கராயர் மட்டும் தொடையைத் தட்டிக்கொண்டு, “இப்பப் பாரு, அடுத்தது ஏர்போர்ட்டு” என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் வருத்தம் இல்லை, கோபமும் இல்லை. அவள் சொன்னதைக் கேட்டும் அதை வேடிக்கையாக மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தார். சத்தியத்தை மீறியதைவிட அது அவளுக்கு அதிகமாக வலித்தது.

நிகழ்ச்சி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஆமினாவிடம் கேட்டாள்.

“உனக்கு முன்னாலேயே தெரியுமா?”

“வெள்ளிக்கிழமையே தெரியும் டீச்சர். அண்ணன்தான் சொல்ல வேணாம்னாங்க. சந்தோஷப்படுவீங்கன்னு…”

“உங்க வீட்டுக்காரர் சவுதியிலேர்ந்து பேசி அனுப்புன கேசட்டை இங்க வந்துதான் போட்டுக் கேட்டே. நானும் பக்கத்துலதான் இருந்தேன். ஒரு வார்த்தை வெளில போச்சா ஆமினா?”

ஆமினா படியிறங்கித் தெருவைக் கடந்து போனாள். ஜாங்கிரிப் பொட்டலம் பிரிக்காமலே பாயில் கிடந்தது.

அடுத்த வாரம் முழுக்கப் பால்வாடிக்குப் பிள்ளைகளை விட வந்தவர்கள், “டீச்சர், ஃப்ளைட் எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டேவிட்சன் போன் பண்ணினான்.

“ஜோக்குக்குத்தானேம்மா. ஊர்ல எல்லாரும் நல்லா இருந்துச்சுங்கறாங்க.”

“சார்ஜ் போயிடுச்சுன்னு சொன்னியேடா.”

அவள் ரிசீவரை வைத்துவிட்டாள்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மீட்டிங் என்று சொல்லிவிட்டு, சகாயம்மாள் தனியாகத் திருச்சிக்குப் பஸ் ஏறினாள். பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் மூன்று மணி நேரம் நின்று விண்ணப்பம் கொடுத்தாள். ஸ்டூடியோவில் எடுத்த அதே போட்டோதான். அதையாவது உண்மைக்குப் பயன்படுத்துவோம் என்று நினைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சிங்கராயருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“யாரு செட் பண்ணுனது? டேவிட்சனா? கேமரா எங்க இருக்கு?” என்று போலீஸ்காரருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“யோவ், விளையாடுறியா?” என்றார் போலீஸ்காரர். “சகாயம்மாள்ங்கறது யாரு? ரேஷன் கார்டை எடுத்துட்டு வரச் சொல்லு.”

சகாயம்மாள் கார்டோடு வந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவர் போன பிறகு சிங்கராயர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, சகாயம்.”

“சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு பாத்துட்டேங்க.”

அன்றைக்குப் பிறகு அவர் வீட்டில் எந்த வேடிக்கையும் செய்யவில்லை. குக்கர் வந்தது, ரெங்கம்மாளின் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆமினா இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை வந்து அழுதாள். சகாயம்மாள் டீ போட்டுக் கொடுத்தாள், பேசினாள். விலைவாசி பேசினார்கள், காவிரியில் தண்ணீர் திறப்பதைப் பேசினார்கள். அதற்கு மேல் பேச்சு போகவில்லை, பிறகு எப்போதும் போகவில்லை.

பாஸ்போர்ட் ஐந்து வருஷம் பீரோவில் இருந்தது. டேவிட்சனுக்குக் கல்யாணமாகி, சிங்கப்பூரிலேயே பெண் குழந்தை பிறந்தபோது, அவன் உண்மையாகவே டிக்கெட் அனுப்பினான். சகாயம்மாள் அதை நம்பவில்லை. திருச்சியில் டிராவல்ஸ்காரரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் கம்ப்யூட்டரில் தன் பெயரைப் படித்துச் சொன்ன பிறகுதான் பெட்டி கட்டினாள். ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தது. போய் இறங்கியதும் டேவிட்சன் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்த்தான். “அதை உள்ள வை” என்றாள். வைத்துவிட்டான். கார் நிறுத்துமிடத்தில் மன்னிப்புக் கேட்டான். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு மாதம் பேத்தியைக் குளிப்பாட்டினாள், பொடி இடித்துக் கொடுத்தாள், திரும்பி வந்தாள். சிங்கராயர் திருச்சிக்கு வந்து காத்திருந்தார். கும்பகோணம் பஸ்ஸில் ஏறியதும் கேட்டார்:

“ஏரோப்ளேன்ல எப்படி இருந்துச்சு? சொல்லேன்.”

“களைப்பா இருக்குங்க” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர் தாண்டி, பாபநாசம் தாண்டி, மறுபடி கேட்கவில்லை.